கறுப்பு வண்டிக்கு வெள்ளை மெழுகு

கரூர் பைபாஸில் ஒரு வாட்டர் சர்வீஸ். அங்கே வண்டி கழுவி மெழுகு போடுகிறவள் பொற்கொடி. ஒரு நாள் உச்சி வெயிலில் முன்னாள் சேர்மன் ஞானசிகாமணி, டிரைவர் ஓட்டிவர, தன் புத்தம்புதுக் கறுப்புக் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு மெழுகு டப்பா.

"இதைப் போட்டுப் பளபளன்னு ஆக்கு. அரை மணியில மந்திரியை வரவேற்கப் போகணும்."

"ஐயா, இது வெள்ளை வண்டிக்கான மெழுகுங்க. அழுக்கெடுக்க நறநறன்னு பொடி கலந்திருக்கும். கறுப்புல போட்டா கோடு கோடாத் தெரியும். வெயில்லயும் போடக் கூடாதுங்க. கறுப்புக்கு எங்கிட்டயே வேற டப்பா இருக்குங்க."

"மெழுகுக்கு என்னடி கலர் தெரியும்? போடு! ஆனா ஒரு கீறல் விழுந்தாலும் உனக்கு இங்க வேலை இல்ல."

மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்று தடவையும் அதே பேச்சுதான். முதலாளியைப் பார்த்தாள், அவர் வானத்தைப் பார்த்தார். பொற்கொடிக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆனாலும் பணிவாகவே கேட்டாள்.

"சரிங்கய்யா. எப்படித் தேய்க்கணும்னு ஒரு சாண் அளவு நீங்களே காட்டிடுங்க. அப்படியே முழுசுக்கும் செஞ்சிடறேன்."

சேர்மன் சட்டைக் கையை மடக்கிவிட்டு, பானெட்டில் அழுத்தித் தேய்த்தார். சூட்டில் மெழுகு காய்ந்து வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்கத் துடைக்க, வட்ட வட்டமாகக் கீறல்கள் வெயிலில் மின்னின. சுற்றி நின்ற டிரைவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பொற்கொடி துணியைக் கையில் எடுத்தாள். "இதே மாதிரி வண்டி முழுக்கப் போடட்டுங்களாய்யா?"

"ஐயோ, வேண்டாம்மா! உன் டப்பாவையே எடு!"

"எடுக்கறேங்க. முதல்ல வண்டியை நிழல்ல விடுங்க."

டிரைவரைக் கூப்பிடக்கூடத் தோன்றாமல், சேர்மனே ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினார்.