நாரை சொல்லாத கம்பி

கருவேல மரங்கள் நிறைந்த ஓர் ஏரியில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டி வாழ்ந்தன. ஏரியில் மீன் குறைவு. குஞ்சுகளுக்கு இரை வேண்டுமென்றால் மலைக் கணவாயைத் தாண்டி உப்பங்கழிக்குத்தான் பறந்து போக வேண்டும்.

நாரைக்கு உடம்பு பெரிது, குரல்தான் கிடையாது. அலகைத் தட்டித்தான் பேசும். அந்தச் சத்தம் நாலு மரம் தாண்டாது. ஆள்காட்டிக் குருவிக்கோ உடம்பு சிறிது; தொண்டையைத் திறந்தால் ஊரே கூடிவிடும்! அதனால் இரண்டும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. ஏரி மடையிலிருந்து உப்பங்கழி வரை, ஒன்றின் குரல் அடுத்ததற்குக் கேட்கும் தூரத்தில் ஆள்காட்டிகள் உட்கார்ந்திருக்கும். திரும்பி வரும் நாரை ஒவ்வொன்றும் வழியில் கண்டதை மடையடி ஆள்காட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் கூட்டுக்குப் போக வேண்டும். வலை எங்கே விரித்திருக்கிறது, கழுகு எங்கே சுற்றுகிறது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, எல்லாச் சேதியும் அங்கே வந்து சேரும். காலையில் கூட்டம் கிளம்பும்போது அந்த மடையடி ஆள்காட்டி எல்லாவற்றையும் உரக்கச் சொல்லும். வழியெங்கும் உள்ள ஆள்காட்டிகள் அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். இந்த ஏற்பாடு வந்த பிறகு பறக்கும்போது செத்த நாரைகள் மிகக் குறைவு.

ஆனால் நாரைகளிடம் ஒரு பழைய வழக்கம் இருந்தது. பறக்கும்போது எதிலாவது இறக்கை உரசிவிட்டால் அந்த நாரை வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். "கண் தெரியாததெல்லாம் முன்னால் பறக்கலாமா?" என்று மற்றவை சிரிக்கும். நல்ல வழக்கம்தான், போங்கள்!

அந்த வரிசையில் முதலில் பறப்பது நெடுங்காலன் என்ற நாரை. அது கூட்டில் குஞ்சுகளைக் காக்கும் நாளில் அதன் மனைவி பொன்னலகி அந்த இடத்தில் பறக்கும். ஏரியில் அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. நெடுங்காலன் நடக்கும்போதுகூட அந்த மரியாதை அதன் கழுத்தில் தெரியும்.

அது மார்கழி மாதம். கணவாயில் பனி மூட்டம். மழைக்காலத்திலேயே மனிதர்கள் அங்கே இரண்டு இரும்புக் கோபுரங்களை நட்டிருந்தார்கள். நாரைகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. நடுவில்தான் அத்தனை இடம் இருக்கிறதே என்று கோபுரங்களுக்கு இடையே புகுந்து பறந்தன.

ஒரு நாள் மாலை. கூட்டம் முன்பே திரும்பிவிட்டது. இன்னும் ஒரு மீன், இன்னும் ஒரு மீன் என்று நின்றுவிட்ட நெடுங்காலன் தனியாகத் திரும்பியது. கோபுரங்களுக்கு நடுவே வந்தபோது இறக்கையில் 'சுரீர்' என்று ஏதோ வெட்டியது. அது குட்டிக்கரணம் போட்டு விழுந்து, தரைக்கு மேலே எப்படியோ சுதாரித்துக்கொண்டது. அண்ணாந்து பார்த்தது. பனிக்குள்ளே ஒரு கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்துக்குக் கம்பி ஓடியது. புதுக் கம்பி! நெடுங்காலனின் இறகுகள் சில காற்றில் மிதந்து இறங்கிக்கொண்டிருந்தன.

நெடுங்காலன் மடைக்கு வந்து சேர்ந்தது. 'முதல் வேலையாக இதைச் சொல்லிவிட வேண்டும்' என்றுதான் வந்தது. ஆனால் மடையருகே கட்டையன் நாரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வரிசையில் இரண்டாவது இடம் கட்டையனுக்கு. கேலி பேசுவதில் முதல் இடம்.

"வா நெடுங்காலா! வழி எப்படி இருக்கு?" என்று கேட்டது ஆள்காட்டி. எல்லாரும் அதை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நெடுங்காலன் கட்டையனைப் பார்த்தது. வந்த வார்த்தையை மென்று விழுங்கியது.

"ஒண்ணுமில்ல அக்கா. பனிதான்."

"இறக்கையில இறகு குறையுதே!"

"உதிருற காலம்தானே அக்கா."

"கணவாய்ல ஏதாவது உண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லு. அங்க இருக்கிற எங்க தங்கச்சிக்குப் பனியில தலைக்கு மேல ஒண்ணுமே தெரியலையாம்."

"எதுவும் இல்ல அக்கா!"

கட்டையன் ஏனோ தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நெடுங்காலன் அதைக் கவனிக்கவில்லை. கடைசி இடத்திலிருந்து தப்பித்த நிம்மதியில் கூட்டுக்குப் பறந்துவிட்டது.

மறுநாள் காலை பொன்னலகியின் முறை. குஞ்சுகள் இரண்டும் பசியில் கத்திக்கொண்டிருந்தன. நெடுங்காலனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இன்னைக்குக் கொஞ்சம் உயரமாப் பற" என்றது.

"ஏங்க?"

"சும்மாதான் சொல்றேன்."

"மேல எதிர்காத்து. உயரமாப் போனா வர்றதுக்கு மத்தியானம் ஆயிடும். பிள்ளைங்க அதுவரைக்கும் தாங்குமா? காரணம் இருந்தாச் சொல்லுங்க, போறேன்."

காரணம் நெடுங்காலனின் அலகு நுனி வரை வந்தது. சொன்னால் பொன்னலகி நேரே மடைக்குப் போய்ச் சொல்லிவிடும். பொய் சொல்லத் தெரியாத பெண் அது. இன்று மாலையே கடைசி இடம். கட்டையனுக்கு முதல் இடம்!

"ஒரு காரணமும் இல்ல. போயிட்டு வா" என்றது நெடுங்காலன்.

பொன்னலகி சிரித்துக்கொண்டே கிளம்பியது. கூட்டம் அதன் பின்னால் அணிவகுத்தது. மடையிலிருந்து அக்காவின் குரல் கணீரென்று எழுந்தது.

"கணவாய் சுத்தம்! கிளம்புங்க! கணவாய் சுத்தம்!"

அடுத்த ஆள்காட்டி அதையே சொன்னது. அதற்கடுத்ததும் சொன்னது. தான் சொன்ன பொய் மலை வரைக்கும் போவதை நெடுங்காலன் கூட்டில் உட்கார்ந்து கேட்டது. எழுந்து நின்றது. அலகைத் தட்டியது. யாருக்குக் கேட்கும்? மடைக்குப் பறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு இன்னும் நேரம் இருந்தது. 'அதுக்குள்ள பனி விலகிடும். அவளுக்குக் கண்ணு கூர்மை' என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தது.

வெயில் ஏறுவதற்குள் மலைப் பக்கமிருந்து ஆள்காட்டிகளின் அலறல் ஒவ்வொன்றாக நெருங்கி வந்தது.

"கம்பி! கணவாயில கம்பி! முன்னால போனதெல்லாம் விழுந்துடுச்சு! பொன்னலகி போயிடுச்சு!"

நெடுங்காலனுக்கு உலகமே நின்றுபோனது. குஞ்சுகள் மட்டும் விவரம் தெரியாமல் இரை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன.

மிஞ்சிய நாரைகள் திரும்பி வந்து மடையடியில் கூடின. ஒன்றுக்குக் கால் ஒடிந்திருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நெடுங்காலன் நடுவில் வந்து நின்றது.

"எனக்குத் தெரியும். நேத்தே அதுல உரசினேன்" என்றது.

ஆள்காட்டி அக்கா மடையிலிருந்து இறங்கி அதன் எதிரே வந்தது.

"கணவாய்னு பேர் சொல்லிக் கேட்டேனே, நெடுங்காலா!"

"கேட்டீங்க அக்கா."

"நீ சொன்னதைத்தானே நான் கத்தினேன்! என் தொண்டையை வெச்சே அவளைக் கொன்னுட்டியே, பாவி!"

நெடுங்காலன் தலை குனிந்தது. அப்போது கட்டையன் முன்னால் வந்தது.

"நானும்தான். நேத்து கூட்டத்தோட திரும்பும்போது என் கால் அதுல உரசிச்சு. கடைசிக்குப் போகணுமேன்னு வாயைத் திறக்கல. இன்னைக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு மரத்துலயே இருந்துட்டேன்."

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கிழ நாரை மெல்ல இறக்கையை விரித்துக் காட்டியது. அதிலும் அதே வெட்டு இருந்தது.

அக்கா எல்லாரையும் சுற்றிப் பார்த்தது. "இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒருத்தரும் சொல்லல. நீங்க சொன்னாத்தானே நாங்க கத்த முடியும்? இனிமே உரசினதைச் சொல்றவங்க அவங்க இடத்துலயே பறக்கட்டும். மறைக்கிறவங்க கடைசிக்குப் போகட்டும். சம்மதம்னா நாங்க மடையில இருக்கோம். இல்லேன்னா எங்களை விட்டுடுங்க."

நாரைகள் எல்லாம் சம்மதம் என்று அலகைத் தட்டின. காலம் கடந்த சம்மதம். மறுநாள் காலையில், "கணவாயில கம்பி! கோபுரத்துக்கு மேல பறங்க!" என்று ஆள்காட்டிகள் கத்தின. கூட்டம் உயர எழும்பிப் பத்திரமாகக் கடந்தது. நெடுங்காலன் கடைசியில் பறந்தது. கீழே பார்க்கவில்லை.

ஒற்றை ஆளாகக் கூட்டைக் காப்பதா, இரை தேடுவதா? ஒரு நாள் அது இரைக்குப் போயிருந்தபோது சின்னக் குஞ்சைப் பருந்து தூக்கிப் போய்விட்டது. பெரியது பிழைத்து வளர்ந்தது. அது கணவாய்க்குக் கிளம்பிய முதல் நாள், நெடுங்காலன் அதைப் பக்கத்தில் கூப்பிட்டது.

"உயரமாப் பற. அங்க கம்பி இருக்கு. நான் அதுல உரசிட்டு, யார்கிட்டயும் சொல்லாம மறைச்சுட்டேன். அதனாலதான் உனக்கு அம்மா இல்ல."

பிள்ளை அப்பாவையே சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பறந்து போனது. கோபுரத்துக்கு மேலே, வெகு உயரத்தில் போனது. அன்று மாலை மடையில் கண்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, வேறொரு மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆபத்தில் தப்பிப் பிழைத்தவர் வெட்கப்பட்டு அதை மறைத்தால், அதே வழியில் பின்னால் வருகிறவர் உயிரை விட வேண்டியிருக்கும்.