வெறும் தண்ணீர்

“எனக்கு மட்டும் ஏன் மேடம் வரமாட்டேங்குது?” என்று கேட்டார் சவரிமுத்து.

தமயந்தி மேடம் நிமிர்ந்து பார்த்தார். சவரிமுத்துவின் ஆராய்ச்சிக்கு அவர்தான் கைடு. வயது சவரிமுத்துவுக்குத்தான் கூடுதல். அதனால் மேடம் அவரை சார் என்றே கூப்பிடுவார்.

“என்ன வரலை சார்?”

“முப்பது.”

முப்பது என்றால் அந்த லேபில் எல்லாருக்கும் தெரியும். குழாயில் தண்ணீர் ஓடும். குழாயைச் சுற்றிய கம்பி சூடேற்றும். தண்ணீரில் மாவைவிட மெல்லிய ஒரு பொடியைக் கலந்துவிட்டால், வெறும் தண்ணீரைவிட நூற்றுக்கு முப்பது பங்கு கூடுதலாகச் சூட்டை இழுக்கும். மேடம் படிக்கிற காலத்தில் இதே குழாயில் கண்டுபிடித்தது. பாடப்புத்தகத்தில் அவர் பேரோடு இருக்கிறது. அவரிடம் வந்தவர்களுக்கெல்லாம் முப்பது வந்தது, பட்டமும் வந்தது.

சவரிமுத்துவுக்கு ரெண்டு, மூணு. அதற்கு மேல் ஏறவே இல்லை.

“இந்த வருஷம் பட்டம் காட்டலைன்னா பாலிடெக்னிக்ல வாத்தியார் வேலை இல்லைன்னுட்டாங்க மேடம். என் கைதான் ராசியில்லை போல. நீங்க வெந்நி வச்சாலே ஆறிப்போயிடும்னு வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.”

மேடமும் சிரித்தார். “எதையாவது மாத்துனீங்களா?”

“ஒண்ணும் மாத்தலை.” கொஞ்சம் யோசித்தார். “தண்ணி வெளியே போற பக்கம் சூடு அளக்கிற ஒயர், குழாய்ச் சுவரோட ஒட்டிக் கிடந்துச்சு. நடுத்தண்ணிக்கு இழுத்து வச்சேன். எங்க பசங்க அப்படி ஒட்டி வச்சா மார்க்கைக் குறைச்சிடுவேன்.”

மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றது.

பிள்ளைக்குக் கொடுக்கும் முன்னால் பாலைத்தான் தொட்டுப் பார்க்கணும். பாத்திரத்தைத் தொட்டால் பாத்திரத்தின் சூடுதான் தெரியும்.

“பழையபடி ஒட்டி வைங்க சார்.”

ஒட்டி வைத்தார். பம்பு ஓடியது. கம்ப்யூட்டரில் எண் ஏறி நின்றது.

முப்பது.

சவரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. “வந்துடுச்சு மேடம். என் வேலை பொழைச்சுது.”

“பொடித்தண்ணியை வடிங்க.”

“ஏன் மேடம்?”

“வடிச்சிட்டு வெறும் தண்ணி ஊத்துங்க.”

“வெறும் தண்ணிக்குப் புத்தகத்துலயே எண் இருக்கே. அதோடதானே ஒப்பிடுறோம். யாரும் ஓட்டிப் பார்க்கறதில்லையே.”

“ஆமா. நானும் பார்த்ததில்லை.”

வடித்தார். கழுவினார். கேன் தண்ணீரைத் தூக்கி ஊற்றினார்.

பூஜ்யத்தில் நிற்க வேண்டிய எண் ஏறியது. இருபதைத் தாண்டியது. நிற்கவில்லை.

முப்பது.

“நான் சரியாக் கழுவலை,” என்றார் சவரிமுத்து. மறுபடி கழுவி, மறுபடி ஊற்றினார்.

முப்பது.

அதில் பொடியே இல்லை.

சவரிமுத்துவுக்கு மேடத்தின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தது அவருக்கே தெரியாத மாதிரி இருந்தது.

“படிக்கிறப்போ நான்தான் சார் ஒட்டினேன்,” என்றார். “ஒயர் ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஆடாம இருக்கட்டும்னு ஒட்டினேன். என் கைடு வந்து பார்த்துட்டு, பரவாயில்லையே, கை சுத்தம்னு பாராட்டுனாரு.”

சவரிமுத்து வாசல் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், நான் எதையும் பார்க்கலை. பொடியை ஊத்தி, ஒயரை இப்படியே விட்டு, முப்பதுன்னு எழுதிடறேன். உங்க பேரும் நிக்கும், எனக்கும் சோறு.”

மேடம் எழுந்து போய் ஒயரைப் பிடித்து நடுத்தண்ணிக்கு இழுத்தார். எண் மளமளவென்று சரிந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“எழுதுங்க சார். இதுதான் உங்க ஆராய்ச்சி.”

சவரிமுத்து நோட்டைத் திறந்தார்.

“எழுதலாம் மேடம். ஆனா தப்பு யாரோடதுன்னு ஒரு இடத்துல சொல்லணுமே. அங்க என்ன போட?”

“என் பேரைப் போடுங்க. இனிஷியல் ரெண்டையும் சேர்த்துப் போடுங்க. திருச்சியில இதே துறையில இன்னொரு தமயந்தி இருக்காங்க, பாவம்.”