கோழி ஏன் குப்பையைக் கிளறுகிறது?

அந்தக் காலத்தில், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்கூட வாயாடிக்கொண்டிருந்தபோது, செவலை என்ற கோழியின் குடலில் ஒரு பெருங்கூட்டம் குடியிருந்தது. பொடிசுகள் என்று அவற்றுக்குப் பெயர். தின்றதைச் செரிக்க வைத்துச் சத்தாக்குவதும், நோய் நொடி அண்டாமல் விரட்டுவதும் அவற்றின் வேலை. வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தனவா? ஓயாமல் பேசின.

செவலை முதல் தடவையாக அடைக்கு உட்கார்ந்தது. அடைக்கோழிக்கு ஏது நேரத்துக்குத் தீனி? பொடிசுகளுக்குப் பசி தாங்கவில்லை.

"ஏ செவலை, இன்னைக்கும் பட்டினிதானா?"

"செத்த நேரம் சும்மா இருங்களேன். முட்டைக்குள்ள குஞ்சு கத்துதான்னு கேக்கணும்."

"நாங்க கத்துறது மட்டும் காதுல விழாதாக்கும்!"

செவலைக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து போய் வேப்பங்கொட்டைகளை வயிறு முட்ட விழுங்கியது. கசப்புத் தாங்காத பொடிசுகள் எச்சத்தோடு எச்சமாகக் குப்பைமேட்டில் போய் விழுந்தன. வயிறு கப்சிப்பென்று ஆனது. செவலைக்கு அப்பாடா என்றிருந்தது. ஓட்டுக்குள் குஞ்சுகள் கீச்சிடுவது தெளிவாகக் கேட்டது.

குஞ்சுகள் பொரிந்தன. நன்றாகத்தான் தின்றன. ஆனால் தின்றது தின்றபடியே வெளியே வந்தது. கழிச்சல் கண்டு ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. கடைசியில் மிஞ்சியது ஒரு மொட்டைக்கழுத்துக் குஞ்சு. அதுவும் நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தது. தாயிடம் இருப்பதுதானே பிள்ளைக்குப் போகும், தன்னிடம்தான் ஒரு பொடிசுகூட இல்லையே என்பது அப்போதுதான் செவலைக்கு உறைத்தது.

குஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனது.

"புத்திகெட்டுப் போய்த் துரத்திட்டேன். எம் பிள்ளைக்காகவாவது திரும்பி வாங்கப்பா!"

"நடந்து வர எங்களுக்குக் காலா இருக்கு? வேணும்னா நீ கிளறித் தேடிக்க" என்றது குப்பைக்குள்ளிருந்து ஒரு பொடிசு. "உள்ள வந்தா எங்க வேலையைச் செய்வோம். ஆனா இனிமே உங்கூடப் பேச்சு கிடையாது."

"பேசாட்டிப் போங்க. இது பொழைச்சாப் போதும்."

நகம் பிய்ந்து ரத்தம் கசியும் வரை செவலை கிளறியது. கொத்திக் காட்டி, கொக்கொக்கென்று கூப்பிட்டது. குஞ்சு தவழ்ந்து வந்து கொத்தியது. இரண்டொரு நாளில் கழிச்சல் நின்று, எழுந்து ஓடியது. செத்தவை செத்தவைதான், அவற்றை நினைத்துச் செவலை வெகுநாள் அழுதது.

அன்று தொடங்கியதுதான் இது: பொரித்த குஞ்சுகளைத் தாய்க்கோழி முதலில் கூட்டிப்போவது குப்பைமேட்டுக்கு. தட்டு நிறையத் தீனி வைத்தாலும், கிளறாமல் அதற்கு மனம் ஆறுவதில்லை.