விட்டுவிட நினைத்த ஊர்

"குருவே, என் தலையில் ஊர்ப்பெயர்களைக் கட்டிவிட்டார்கள்" என்று வந்து நின்றான் லாம்பிஸ்.

ஏதென்ஸ் நகரத் திருவிழாவில் பழைய போர்க்காவியத்தை முழுவதுமாகப் பாடுவார்கள். ஒருவர் நிறுத்திய இடத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். லாம்பிஸுக்குத் தாடி நரைக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த மேடை கிடைத்தது. கிடைத்த பகுதியோ, எந்த ஊரிலிருந்து யார் கப்பலேறி வந்தார்கள் என்ற வரிசை.

ஊர், தலைவன், கப்பல். மறுபடியும் ஊர். கேட்டால் கல்லும் கொட்டாவி விடும்.

"எனக்கு முன்னே பாடுகிறவனுக்குச் சண்டை. பின்னே பாடுகிறவனுக்குச் சாவு. எனக்கு இதுவா?"

குரு தெலெசோன் ஆலிவ் கொட்டையைத் துப்பினார். "என்ன செய்யப்போகிறாய்?"

"சின்ன ஊர்களை விட்டுவிடப்போகிறேன். யாருக்குத் தெரியப்போகிறது? இந்த முறை சொதப்பினால் இனி என்னைக் கூப்பிடவே மாட்டார்கள்."

"தாராளமாக விடு. ஆனால் எந்த ஊரை விடுகிறாயோ, அந்த ஊர்க்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டே விடு."

இது என்ன வம்பு என்று நினைத்தபடி போனான் லாம்பிஸ்.

திருவிழா நாள். பாடகர்கள் பிடிக்கும் கோலைக் கையில் வாங்கிப் பாடத் தொடங்கினான். முதல் சின்ன ஊர் வந்தது. விட்டுவிடலாம் என்று கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தான்.

எத்தனை முகங்கள். யார் எந்த ஊர் என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

வேறு வழியில்லாமல் அந்த ஊரையும் பாடினான். ஓரத்தில் நின்ற துடுப்புக்காரர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த ஊருக்கு ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். அதற்குப் பிறகு எதையும் விட அவனுக்கு மனம் வரவில்லை.

கெலோரா என்ற ஊர் வந்தது. அதற்கு இருந்ததே ஒரு வரிதான். அதையும் பாடினான்.

கூட்டத்தின் கடைசியில் ஒரே ஒருவர் எழுந்து நின்றார். தெலெசோன்.

பரிசு சண்டையைப் பாடியவனுக்குப் போனது. ஆனால் லாம்பிஸால் மேடையை விட்டு நகர முடியவில்லை. யார் யாரோ வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் தன் சாப்பாட்டு மூட்டையிலிருந்த பாலாடைக்கட்டியை அப்படியே கொடுத்துவிட்டுப் போனான்.

கடைசியாகக் குரு வந்தார். அவன் கைகளை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"நன்றி, லாம்பிஸ்."

"கெலோரா உங்கள் ஊரா?"

"ஆமாம்."

"நீங்கள் அங்கே போனதாகச் சொன்னதே இல்லையே."

"கடல் கொண்டுவிட்டது. இப்போது அந்த வரியில் மட்டும்தான் இருக்கிறது."

லாம்பிஸ் விட நினைத்த ஊர்களில் அதுவும் ஒன்று.

"முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, குருவே."

"சொல்லியிருந்தால் அந்த ஒரு ஊரை மட்டும் பாடியிருப்பாய்."