முள்ளம்பன்றியும் வெற்றுத் திரையும்

ஒரு காட்டில் இணையம் வந்து சேர்ந்தது. ஒற்றையடிப் பாதைகள் சந்திக்கிற இடமெல்லாம் மரத்தில் ஒரு திரை தொங்கியது. கோடையில் எந்தக் குட்டையில் தண்ணீர் இருக்கிறது என்று காலையில் அதில் பார்த்துவிட்டுத்தான் மிருகங்கள் நடக்கத் தொடங்கும்.

அந்தக் காட்டில் முள்ளி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். வலைப்பக்கம் செய்யக் கற்றுக்கொள்வதில் அவளுக்குக் கொள்ளை ஆசை. எச்.டி.எம்.எல். எழுதினால் தலைப்பும் பத்தியும் வந்து நிற்கும்; சி.எஸ்.எஸ். எழுதினால் அவற்றுக்கு நிறமும் இடைவெளியும் கிடைக்கும். இவ்வளவு தெரிந்ததும், தன் பெயர் மட்டும் இருக்கும் ஒரு பக்கத்தைச் செய்தாள். அடுத்து, தனக்குப் பிடித்த கிழங்குகளின் பட்டியல். அப்புறம் தன் வளையின் படம், சுற்றிலும் பச்சைக் கரை. ஒவ்வொன்றையும் முடித்ததும் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு தள்ளி நின்று பார்ப்பாள். பெருமை தாங்காது அவளுக்கு.

"என்ன முள்ளி, இன்னைக்கும் கிழங்குப் பக்கம்தானா?" என்று கேட்டான் வண்ணன் என்ற மயில்.

"இன்னைக்கு ஓரம் விடக் கத்துக்கிட்டேன். நேத்து எழுத்தெல்லாம் திரை விளிம்புல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. இப்போ பாரு, எவ்வளவு தாராளமா இருக்கு."

"ஓரமாம் ஓரம். என் பக்கத்துல தோகையே விரியும், தெரியுமா?"

அது உண்மைதான். வண்ணனின் பக்கத்தைத் திறந்தால் தோகை விரியும், மழை பெய்யும், எழுத்துகள் தத்தித் தத்தி வரும். அவன் அதை எங்கிருந்தோ அப்படியே எடுத்துவந்து பெயரை மட்டும் மாற்றியிருந்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

தண்ணீர்ப் பக்கத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று பேச்சு வந்தபோது, காட்டின் தலைவியான பெரியம்மா யானை இருவருடைய வேலையையும் பார்த்தாள். "கிழங்குப் பக்கம் செய்யறவகிட்டயா தண்ணிப் பக்கத்தைக் கொடுக்கறது?" என்றது வாயாடி மைனா. எல்லோரும் சிரித்தார்கள். வேலை வண்ணனுக்குப் போயிற்று.

முள்ளிக்கு முகம் தொங்கிப்போயிற்று. வளைக்குப் போனவள் அழவில்லை, மறுபடியும் கிழங்குப் பக்கத்தைத்தான் திறந்தாள். அது சேப்பங்கிழங்கு கிடைக்காத காலம். அந்த வரியை மட்டும் அழிக்காமல் மறைத்துவைக்கப் பார்த்தாள். பட்டியல் முழுவதும் மாயமாகிவிட்டது! பொழுது சாயும்வரை தேடித் தேடித் தவறைக் கண்டுபிடித்தாள். அன்றைக்கும் முட்கள் சிலிர்த்தன. பார்க்கத்தான் ஆள் இல்லை.

கோடை முற்றியது. ஒரு நாள் காலையில் பருந்து வந்து சொன்னது: "மூங்கில் சுனை வத்திப்போச்சு. பாறைக் குட்டையில நிறையத் தண்ணி கெடக்கு."

வண்ணன் உடனே பக்கத்தை மாற்றினான். தோகை விரிந்தது. மழை பெய்தது. 'இன்று தண்ணீர் இருக்கும் இடம்' என்ற தலைப்பு தத்தித் தத்தி வந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

மைனா மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"பெரியம்மா, மேற்குச் சரிவுல காட்டெருமைக் கூட்டம் வெறுந்திரையைப் பார்த்துக்கிட்டு நிக்குது. கொஞ்ச நேரத்துல மூங்கில் சுனைக்கே கிளம்பிடுவாங்களாம்."

"அங்க சொட்டுத் தண்ணி இல்லையே. நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'போன கோடையில உன் பேச்சைக் கேட்டு அலைஞ்சது போதும், திரையில வரட்டும்'ங்கறாங்க. கன்னுக்குட்டிங்க வேற நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்குது."

பெரியம்மா வண்ணன் பக்கம் திரும்பினாள். சுனை வெகு தூரம். அந்த வெயிலில் வீணாக நடந்துபோனால் கன்றுகள் திரும்பி வராது.

வண்ணன் எழுத்தின் நிறத்தை மாற்றிப் பார்த்தான். மழையை நிறுத்திப் பார்த்தான். கீழே வெறுமைதான்.

"தோகையை இன்னும் கொஞ்சம் பெருசாக்கிப் பார்க்கட்டுமா?" என்றான் பாவமாக.

கூட்டத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த முள்ளிக்கு, நன்றாக வேண்டும் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் கன்றுகளை நினைத்ததும் அந்த எண்ணம் போன இடம் தெரியவில்லை.

"கொஞ்சம் தள்ளு," என்று முன்னால் வந்தாள். தோகையையும் மழையையும் அவள் சட்டை செய்யவில்லை. தலைப்புக்குக் கீழே எழுதியிருந்ததை வரிவரியாகப் படித்தாள்.

"வண்ணா, சுனை வரியை அழிச்சியா, மறைச்சியா?"

"மறைச்சேன். மழை வந்தா திரும்பத் தேவைப்படுமேன்னு."

"மறைக்க ஆரம்பிக்கிற இடத்துல குறி போட்டிருக்க. முடிக்கிற இடத்துல போடல. அதான் சுனையோட சேர்த்துக் குட்டையும் மறைஞ்சிருச்சு."

சுனை வரியின் முடிவில் அந்தச் சின்னக் குறியைத் தட்டினாள். அவ்வளவுதான். 'பாறைக் குட்டை' என்று திரையில் பளிச்சென்று வந்தது, போகும் வழியும் கூடவே வந்தது.

மைனா பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தது. "கூட்டம் குட்டைப் பக்கம் திரும்பிருச்சு. கன்னுங்க மூக்கு வரைக்கும் தண்ணியில இருக்கு," என்றது. இந்த முறை எல்லோரும் அதை நம்பினார்கள்.

"உனக்கு எப்படிம்மா உடனே தெரிஞ்சது?" என்று கேட்டாள் பெரியம்மா யானை.

"என் கிழங்கெல்லாம் இப்படித்தான் ஒரு நாள் காணாமப் போச்சு, பெரியம்மா."

அன்றே தண்ணீர்ப் பக்கம் முள்ளியின் கைக்கு வந்தது. வண்ணன் தோகையைச் சுருட்டிக்கொண்டு அருகில் வந்தான்.

"எனக்கும் சொல்லிக் கொடேன்."

"முதல்ல உன் பேர் மட்டும் இருக்கற பக்கம் ஒண்ணு செய்."

"தோகை?"

"அது அப்புறம்."

முள்ளி தண்ணீர்ப் பக்கத்தின் அடியில், நான்கு புறமும் ஓரம் விட்டு, 'செய்தவள்: முள்ளி' என்று எழுதினாள். பிறகு முட்களை முழுதாகச் சிலிர்த்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா யானைகூட இரண்டடி விலகி அவளுக்கு இடம் விட்டாள்.

நீதி: சின்னச் சின்னதாய்ச் செய்து, தவறித் திருத்திக் கற்றதே தக்க சமயத்தில் கைகொடுக்கும், இரவல் வாங்கிய பகட்டு கைவிட்டுவிடும்.