கண்ணெடுக்காத சாட்சி

வேலங்குளம் ஜமீன்தார் ஒருநாள் சமையல்கட்டு உதவியாள் செண்பகத்தின் அல்வாவைப் புகழ்ந்துவிட்டார். அன்றிலிருந்து தலைமைச் சமையல்காரர் நல்லபெருமாளுக்கு வயிறு எரிந்தது.

விருந்து நாளன்று அவர் ஜமீன்தாரிடம் போனார். "இந்தச் செண்பகம் வேடிக்கை பார்ப்பவள் ஐயா. வாசலில் மேளம் கேட்டால் கிண்டுவதை மறந்துவிடுவாள்."

"இன்று நீ திரும்பிப் பார்த்தால் நாளை உனக்கு வேலை இல்லை," என்று ஜமீன்தார் அவளிடம் சொல்லிவிட்டார்.

செண்பகம் கைகூப்பினாள். "சரிங்கய்யா. நான் திரும்பலைன்னு சொல்ல ஒரு சாட்சி வேணுமே. அண்ணாச்சியே கண்ணெடுக்காம என்னைப் பார்க்கட்டும்."

நல்லபெருமாளுக்கு ஏக மகிழ்ச்சி. பக்கத்து அடுப்பில் தன் அல்வாவைக் கிண்டியபடி அவளையே முறைத்தார். ஜன்னலோரம் கரகாட்டம் போனது, பொய்க்கால் குதிரை போனது. அவள் தலை அசையவில்லை. அவர் கைதான் எப்போதோ நின்றுவிட்டது.

தீய்ந்த வாடை கிளம்பியதும் ஜமீன்தார் ஓடி வந்தார்.

"பாருங்கய்யா, கருக்கிட்டா!" என்று நல்லபெருமாள் அவளைப் பார்த்தபடியே கத்தினார்.

"நான் திரும்பக்கூடாதே ஐயா. எந்த அடுப்புன்னு அண்ணாச்சியே திரும்பிப் பார்த்துச் சொல்லட்டும்," என்றாள் செண்பகம்.

ஜமீன்தார் விழுந்து விழுந்து சிரித்தார். விருந்தில் செண்பகத்தின் அல்வாவைத்தான் பரிமாறினார்கள். கொல்லையில் அடிப்பிடித்த உருளியைச் சுரண்டிக்கொண்டே நல்லபெருமாள் போவோர் வருவோரை எல்லாம் கேட்டார்: "அவ அல்வாவுல இனிப்பு கொஞ்சம் தூக்கல்தானே?"