இரண்டு கப்பல்களுக்கு நடுவில்

“மறுபடியும் பூஜ்யம்தான் வருது டீச்சர்” என்றார் இன்னாசி.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். டியூஷன் பிள்ளைகள் போன பிறகு, வடிவு டீச்சரிடம் கால்குலஸ் கற்க வருவார். டீச்சர் அவரைவிட இளையவர்.

ஒரு கப்பல் துறைமுகத்திலிருந்து வடக்கே போகிறது. இன்னொன்று கிழக்கே போகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் என்ன வேகத்தில் கூடுகிறது? இதுதான் கணக்கு.

“கப்பல் ரெண்டும் நங்கூரம் போட்டு நிக்குதா அண்ணாச்சி?”

“ஓடுது.”

“பிறகு எப்படி பூஜ்யம்?”

“கிரேன்காரன்கிட்ட கேட்டா? தூக்குன்னா தூக்குவேன், இறக்குன்னா இறக்குவேன்.”

டீச்சர் சிரித்துவிட்டார். “எப்படிப் போட்டீங்க?”

“இந்த நிமிஷம் தூரம் அம்பது கிலோமீட்டர்னு கேள்வியிலயே இருக்கு. எல்லா எண்ணையும் முதல்லயே போட்டேன். அப்புறம் எவ்வளவு வேகமா மாறுதுன்னு வகையிட்டேன்.”

“அம்பதுன்னு எழுதியாச்சுன்னா அது அம்பதுதான். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.”

இன்னாசி தலையைச் சொறிந்தார்.

“எதுக்கு அண்ணாச்சி உங்களுக்கு இந்தப் பாடு?”

“என் மக பெனிட்டா பிளஸ் டூ படிக்கா. அவ அம்மாகூட கோயம்புத்தூர்ல இருக்கா. அவ நாலாங்கிளாஸ் படிக்கும்போது கடைசியா பாத்தது. ஞாயித்துக்கிழமை வாரா. இந்தப் பாடம்தான் அவளுக்கு வரலைன்னு அவ மாமா சொன்னாரு. நானும் படிச்சு வச்சா, பேச ஒரு விஷயம் இருக்கும்லா?”

“வேற பேச ஒண்ணும் இல்லையா?”

“ஏன் இல்லாம? ஜவ்வுமிட்டாய் வாங்கி வச்சாச்சு. தோள்ல தூக்கிட்டுப் போய்ப் படகெல்லாம் காட்டணும். இருட்டுன்னா அழுவா. அதுக்கு ஒரு சின்ன விளக்கும் வாங்கிட்டேன்.”

டீச்சர் ரப்பரை எடுத்து, அவர் எழுதியிருந்த எண்களை ஒவ்வொன்றாக அழித்தார். அந்த இடங்களில் x, y, z என்று எழுத்துகளைப் போட்டார்.

“இப்போ தூரம் எவ்வளவு?”

“தெரியாது.”

“தெரியாமலே இருக்கட்டும். முதல்ல வகையிடுங்க.”

இன்னாசி வகையிட்டார். கடைசியில் எண்களைப் போட்டார். விடை வந்துவிட்டது. அவர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வாசலுக்குப் போய், மாமா கொடுத்திருந்த எண்ணுக்கு முதல் முறையாகப் போன் செய்தார்.

“பெனிட்டா... அப்பா பேசுறேன்.”

அவருக்குப் பழக்கமில்லாத ஒரு பெண்குரல் கேட்டது.

“சொல்லுங்கப்பா.”

“இல்லம்மா. நீ சொல்லு.”